ஆளற்ற அறை

வர்த்தமானிக்குப் போகவேண்டிய வரைவு
மூன்று மணிக்கு என் மேசைக்கு வந்தது.
சிங்களத்தில் பதினொரு பக்கம்.
தமிழுக்கு நாளை காலை வரை அவகாசம்.

புற ஊதா விளக்கு, ஓசோன் பெட்டி,
இறக்குமதி, விற்பனை, பாவனை, தண்டம்.
ஏழாம் பிரிவு:
ஆளற்ற அறையில் மட்டுமே இயக்குதல் வேண்டும்.
சுருக்கமான வசனம். தேத்தண்ணி ஆறுமுன்
முடித்துவிட்டு இணைப்புக்குத் தாவினேன்.

பரிசோதகர் நஸ்ரினாவின் அறிக்கை.
கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ், இரண்டாம் மாடி.
பெட்டியில் ஒட்டியிருந்த எச்சரிக்கையைப்
படமெடுத்து வைத்திருந்தார்:
'ஒலியைப் பார்க்க வேண்டாம்.'
ஓர் எழுத்து.
வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்து மேசை திரும்பிப் பார்க்க.

அடுத்த பத்தியில் தனராஜ் இருந்தான்.
பொகவந்தலாவை, வயது பத்தொன்பது, இரவு வேலை.
விருந்தாளி போன அறையில்
அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில்
பகலில் கொஞ்சம் கண்ணயர்பவன்.
முகாமையாளர் பெட்டியைப் போட்டார்,
கதவைச் சாத்தினார், கீழே போனார்.
ஒரு மணித்தியாலம்.

அவன் சொன்னதை நஸ்ரினா
திருத்தாமல் எழுதியிருந்தார்:
'மின்னல் வெட்டுன வாசம் மிஸ்.
மழ வரப்போவுதுன்னு
திரும்பிப் படுத்துக்கிட்டேன்.'

எழும்பியபோது கண்ணில் மணல்.
மூச்சு, பாதி வழியில் நின்று
திரும்பிப் போனது.
நான்கு நாள் பெரியாஸ்பத்திரியில்.

முகாமையாளரின் வாக்குமூலம் ஒற்றை வரி:
'அறையில் ஒருவரும் இல்லை,
ரூம் பொடியன் மட்டும்தான்.'

ஏழாம் பிரிவுக்குத் திரும்பினேன்.
ஆள் என்றதை அழித்து, நபர் என்று அடித்தேன்.
நபரும் சரிவரவில்லை.
எவரும், என்றேன். வேலையாள் உட்பட, என்று சேர்த்தேன்.
சேர்க்க எனக்கு அதிகாரமில்லை,
மூலத்தில் இல்லாதது
மொழிபெயர்ப்பில் இருத்தலாகாது;
பதினாறு வருடமாக மற்றவர்களுக்கு நான் சொல்லும் விதி.
சேர்த்ததை வெட்டிவிட்டு
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
அலுமாரிக்குப் பின்னாலும் பார்க்கச் சொல்லுங்கள்.
பணிப்பாளர் நாளை அதை ரப்பரால் அழிக்கக்கூடும்.
அழுத்தித்தான் எழுதினேன்.

ஏழரை ஆகிவிட்டது. காலிமுகத்திடல் பக்கம்
இடி உருண்டது.
யன்னலைத் திறந்து மணந்து பார்த்தேன்,
பஸ் புகைதான்.

கீழே காவலாளி, கை மெயின் சுவிச்சில்,
மேலே ஆளிருக்கா என்று சிங்களத்தில் கத்தினார்.
எந்த மொழியென்று யோசிக்காமல்
இருக்கிறேன் என்றேன்.
லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.