துணைக்கால்

எட்டாம் அறைக்கு மூன்று பேர், காட்மண்டுவிலிருந்து.
பதிவேட்டில் ஸ்ரேஷ்டா என்று கண்டதும்
குசினிக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னேன்:
நுச்சே, உன்ர ஆக்கள்.

மா ஒட்டிய கையோடு ஓடி வந்தான்.
அவர்கள் நேவார் மொழியில் ஏதோ கேட்டார்கள்.
இவன் தன்னுடைய நேவாரில் பதில் சொன்னான்.
சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை.
பிறகு நாலு பேரும் நேபாளிக்கு மாறி
இறால் விலையைப் பேசினார்கள்.

இரவு, பாத்திரம் கழுவுகிற தொட்டியடியில்
பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், கால்வாசி கை:
நாங்கள் தோலகா, அக்கா. அது வேற.
எங்கட வினைச்சொல்லுக்கு வால் இருக்கு.
'கி' என்று முடிந்தால் போனது நான்.
'ஜு' என்று முடிந்தால் அவன், இல்லாட்டி அவள்.
ஆளைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.
காட்மண்டுவில் அந்த வாலை
எங்கேயோ விட்டிட்டாங்கள்.

ஜூலையில் வந்த சென்னைக் குடும்பம் ஞாபகம் வந்தது.
'திறப்பு எடுத்துக்கொண்டு வாறன்' என்றேன்.
'யாரு வர்றான்?' என்று அந்த அம்மா
என் முதுகுக்குப் பின்னால் ஆள் தேடினா.

வாறன், நான்.
வாறான், அவன்.
நடுவில் ஒரேயொரு துணைக்கால்.

கரண்டியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.
உங்களிட்டயும் வாலா?
என்னிட்ட, முதலாளி தவநேசனிட்ட,
அலஸ்தோட்டத்து மீன்காரனிட்ட,
எல்லாரிட்டயும் இருக்கு என்றேன்.

அன்றிலிருந்து பழகினான்.
குறில் மட்டும் பிடிபடவில்லை.
'உப்பு எடுத்து வாறான்' என்பான்.
தானே வந்து நிற்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம்
கிணற்றுப் பக்கம் நின்று போனில் கேட்டுக்கொண்டிருந்தான்.
ஸ்பீக்கரில் போட்டிருந்தான், ஒரு காது அவனுக்கு மந்தம்.
எனக்கு அந்த மொழி தெரியாது.
வால் மட்டும் தெரியும்.
ஜு. ஜு. திரும்பவும் ஜு.
ஒரு கி கூட இல்லை.
ஆணா பெண்ணா என்று அந்த வாலில் தெரியாதாம்.
நான் கேட்கவில்லை.
அவன் வெங்காயம் அரியப் போனான்.

வாடை தொடங்க முதலே கணக்கு முடித்துக் கொடுத்தார்கள்.
பஸ் நிலையத்தில் மான் ஒன்று
அவன் பையை மோந்து பார்த்துவிட்டு
வாழைப்பழத் தோலுக்குப் போய்விட்டது.
கொழும்பு பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

படியில் ஏறி, திரும்பி,
ஒரு எழுத்தும் தடுமாறாமல் சொன்னான்:
போட்டு வாறான், அக்கா.

திருத்த வாயெடுத்தேன்.
கண்டக்டர் மணியடித்துவிட்டான்.

யார் வாறான் என்று
பஸ் போன பிறகும் நான்
அதன் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றேன்.