பாக்கி நானூறு

கஸ்பாரை நிறுத்தியது நான்தான்.
எண்பத்தொன்பது. தங்கச்சிமடம்,
சந்தியாகப்பர் திருவிழா, எட்டாம் நாள் கச்சேரி.
டூயட்டின் இரண்டாம் சரணத்தில்
தாளத்தைக் கீழே வைத்துவிட்டு
எங்கோ போய்விட்டான். கைகள் மட்டும்
டிரம்செட்டின் மேல் கிடந்து துள்ளின,
பலகையில் கொட்டிய சூடை மாதிரி.
பாடகி என்னைப் பார்த்தாள்.
நான் என் ஆர்கனைப் பார்த்தேன்.
கூட்டம் பீடி பற்றவைத்தது.

எண்ண மறந்துட்டியாடா?

"எண்ணல.
தெக்க ஆண் கடலு, வடக்க பெண் கடலு,
நடுவுல ரோடும் கொஞ்சம் மணலும்.
ரெண்டுக்கும் சேத்து
ஒரே தாளம் நீ போடு, பாப்போம்."

சம்பளத்தில் நானூறு பிடித்தேன்.
தோல் கிழிந்த வகை, என்று கணக்கெழுதினேன்.
தோல் கிழியவில்லை.

சென்னையில் ஒரு ஓட்டல், மூன்று மாதம்.
அங்கேயும் இதே கதை.
பிறகு கப்பல் பேண்டு; பிறகு ராட்டர்டாம்,
பகலில் பாத்திரம், ராத்திரி டிரம்ஸ்.
சாக்ஸபோன்காரி ஒருத்தியோடு மாவு மில்லில் வாசிப்பதாக
எழுதியிருந்தான். ஃப்ரீ ஜாஸாம்.
"பதினேழு பேர் வந்தார்கள்.
இடைவேளைக்குப் பிறகு ஒன்பது."
பெருமையாகத்தான் எழுதியிருந்தான்.

கூடவே ஒரு கேசட்.
முதல் தடவை, டேப் சிக்கிக்கொண்டது என்று நினைத்து
ஹெட்டைத் துடைத்தேன்.
மறுபடியும் அதே சிக்கல்.
அப்புறம் எந்த ராத்திரியிலோ
ஐஸ் கம்பெனி அரவை கேட்டது அதில்.
காற்று குறையட்டுமென்று
பாம்பன் பாலத்துக்கு முன்னால் நிற்கும் ரயில்,
நிற்கிற சத்தம்.
வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இசைத்தட்டு மூன்று. விற்றது தெரியாது.
வலது தோள் போனது. மனைவி போனாள்.
போன வருஷம் பாம்பனுக்கே வந்துவிட்டான்,
தலை வழுக்கை, இரண்டு சிம்பல்,
டச்சுக்காரன் பென்ஷன் கொஞ்சம்.
கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை;
கூப்பிட்டாலும் ஒருமுறைதான்.

நேற்று மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
கச்சான் மண்ணை வாரி அடித்தது.
கடலுக்குப் போகாத பையன்கள்
ஐஸ் கம்பெனியில் சீட்டாடினார்கள்.
மூலையில் கஸ்பார்
இடது கையால் ஆரம்பித்தான்.
சட்டைப்பையில் நானூறோடு நின்றேன்.
வட்டி போட்டுப் பார்த்தேன், கூச்சமாக இருந்தது.

முதல் அடி எது என்று
காலால் தேடிக்கொண்டே இருந்தேன்.
ஒருத்தன் சீட்டைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான்.
இன்னொருத்தன் போனில் கத்தினான்.
திடீரென்று எல்லாம் நின்றது.
தகரக் கூரையில் காற்று மட்டும்.

கைதட்டினேன்.

அவன் இன்னும் முடிக்கவில்லை.