மூன்றாவது வாக்கு

ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
ஜன்னல் இல்லாத கட்டடம். இரவு பத்தே கால்.
காவலர் என் அட்டையைப் பார்க்கிறார்: 'தர்மகுல'.
அச்சு இயந்திரத்துக்கு
அதற்கு மேல் மூச்சு இல்லை.

உள்ளே பதினெட்டுப் பாகை. கம்பளிச் சட்டையை மறந்துவிட்டேன்.
இரண்டு சேர்வர்கள்; ஒரே நாளில் பெட்டி பிரித்தவை,
தீப்பிடித்தால் ஒன்றாவது மிஞ்சட்டும் என்று
வெவ்வேறு அறைகளில்.
வரைபடத்தில் இவற்றின் இடம்
தெருவின் சுவருக்கு உள்ளே,
வீட்டின் சுவருக்கு வெளியே.
ரேத்தோ அதை இராணுவமற்ற வலயம் என்கிறான்,
வாயில் ரொட்டியோடு.
வலயம் என்ற சொல்லை
நான் ஒருநாளும் மென்றுகொண்டே சொன்னதில்லை.
எனக்குத் தெரிந்த வலயங்களில்
இராணுவம் இருந்தது.
வீடுகள்தான் இல்லை.

சரி, வேலை.
தீச்சுவரின் அதிபதி ஹெர் சூர்புகன், பேர்னில்.
ஒரு வாசலுக்கு ஒரு படிவம்.
கேள்விகள் வந்துபோக 1433: சம்மதம்.
நகல் ஓட 5022: சம்மதம், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.
துடிப்புக்கான 3343ஐ நான் எழுத மறந்தேனா,
அவர் திறக்க மறந்தாரா,
அது இன்றுவரை வழக்கு.

நள்ளிரவில் இரண்டும் எழுந்தன.
ஒன்றின் நெஞ்சுத் துடிப்பு மற்றதுக்குக் கேட்கவில்லை.
அவன் செத்துப்போனான் என்றது இது.
அதுவும் அதையே சொன்னது.
ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் மூச்சோடு இருந்துகொண்டு
ஒருவருக்கொருவர் எட்டுச்செலவு முடித்து,
சொத்து முழுவதும் தனக்கே என்று
உறுதி எழுதத் தொடங்கின.
மின்விசிறிகள் மட்டும் ஒப்பாரி.

இரண்டு பேர் வாக்களித்தால் சமன்தான்.
ஆகவே மூன்றாவது வேண்டும், இரண்டு அறைக்கும் வெளியே:
பேர்னில், படிக்கட்டின் கீழே, தூசு பிடித்த பழைய பெட்டி.
அதனிடம் ஒரு வரித் தரவும் கிடையாது.
யார் உயிரோடு இருந்தார்கள் என்று மட்டும் சொல்லும்.
கையேட்டில் அதன் பெயர் சாட்சி.
ஒரு வாக்கு. முழு வாக்கு.
அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன்,
தேவை இருக்கவில்லை.
சாட்சி சொன்னால்
கணக்கில் எடுக்கிறார்கள், இங்கே.

இரண்டு நாற்பதுக்கு சூர்புகன் தூக்கத்தில் இருந்து எழுந்து
பேர்ன் பேச்சில் ஏதோ திட்டி
3343ஐத் திறந்தார்.
திரையில் பச்சை. நம்பவில்லை.
நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
முதலாவதின் கம்பியை நானே பிடுங்கினேன்.

பதினொரு வினாடி.
எங்கோ ஒருவர், தூக்கம் வராமல்,
வெள்ளிக்கிழமைச் சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு
நாற்காலி கேட்டுக்கொண்டிருக்கலாம்;
அவர் திரையில் சக்கரம்
கொஞ்சம் அதிகமாகச் சுற்றியிருக்கும், அவ்வளவே.
எட்டு. ஒன்பது. ரேத்தோ மெல்வதை நிறுத்தினான்.
இரண்டாவது எழுந்து
அதே முகவரியில் பதில் சொன்னது.

கம்பியைத் திரும்பச் செருகினேன்.
பழைய முதலாவது விழித்து,
தவறவிட்ட வரிகளைக் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டு,
ஒரு சண்டையும் இல்லாமல்
இரண்டாவது இடத்தில் நின்றது.

குளிர்கிறது.
ரேத்தோவின் ரொட்டியில் பாதி கிடந்தது.
கேட்காமல் எடுத்தேன்.