தெளிவில்லை

மார்த்தாண்டம் மேம்பாலம் வந்தபிறகு
எங்கள் இரண்டாம் மாடி ஜன்னலுக்கு நேராகப்
பேருந்துகள் போகின்றன.
களியக்காவிளைக்குப் போகிறவர்கள்
என்னைப் பார்க்கிறார்கள்.
நான் ஒரு கவர்னரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்துக்குப் பதினோரு ரூபாய்.
மாநிலத்தின் பெயரை வெளியே சொல்வதில்லை என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
அவர் பெயரையும்தான்.
ஆபேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
எங்கள் விளையிலும் ஒரு ஆபேல் உண்டு,
விடியுமுன் ரப்பர் வெட்டப் போவார்.

இருபது வயதில் எழுத்து நிமிர்ந்து நிற்கிறது:
பள்ளிக்கூட வாத்தியார்,
மாதம் பன்னிரண்டு டாலர், தங்க ஒரு பரண்.
வக்கீலானதும் வலப்பக்கம் சாய்கிறது.
ரயில் கம்பெனிக்காரர்களோடு விருந்துண்ட வருடங்களில்
வரியின் கடைசி எழுத்து
ஓரத்தைத் தாண்டி ஓடுகிறது.

ஜெயித்த இரவு மை கொட்டியிருக்கிறது.
அறுநூற்றுச் சொச்சம் வாக்கு.
பதவியேற்ற அன்று பனியில் குதிரை வழுக்கியதை
மனைவிக்கு எழுதியவர்
மேடையில் என்ன பேசினார் என்று எழுதவில்லை.

பிறகு உத்தரவுகள்.
பைத்தியக்காரர்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி.
வெள்ளம் கொண்டுபோன பாலத்துக்கு இன்னொரு பாலம்.
நதிக்கு மேற்கே இருந்த பூர்வகுடிகளை
இன்னும் மேற்கே போகச் சொல்லி ஒன்று.
இதில்தான் அவர் எழுத்து மிக அழகு.
அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.
ஆறு நிமிடத்தில் தட்டி முடித்தேன்.
பதினோரு ரூபாய்.

மகன் தொண்டை அடைப்பானில் செத்த வாரம்
கடிதங்களில் தேதி இல்லை.

அடுத்த தேர்தலில் தோற்றார்.
செனட்டுக்கு நின்று மூன்று ஓட்டில் தோற்றார்.
வாதம் வந்து வலக்கை விழுந்தது.
அறுபத்தெட்டு வயதில் இடக்கையால்
ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல்
மகளுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்:

அந்த நதிக்கரை உத்தரவுதான்
என் வாழ்வின்...

அங்கே ஒரு வார்த்தை.
பெருமை என்றும் வாசிக்கலாம், விலை என்றும் வாசிக்கலாம்.
அவர் பாஷையில் இரண்டுக்கும்
ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.
அந்த எழுத்தின்மேல்தான் கை நடுங்கியிருக்கிறது.

“எதையாவது ஒண்ணப் போடு பிள்ளே,
அந்தாளு எழும்பி வந்து கேக்கவா போறாரு”
என்கிறாள் விஜிலா.

நானூறு சதவீதம் பெரிதாக்கினேன்.
ஒரு கறுப்புக் குளம்.
கண்ணைச் சுருக்கினால் விலை மாதிரி இருக்கிறது.
கண்ணைச் சுருக்கினால்.

போகச் சொன்னவர்களின் பட்டியலையும்
நான்தான் போன வாரம் தட்டினேன்.
அதில் பெயர்கள் கிடையாது.
ஆண் இத்தனை, பெண் இத்தனை,
மட்டக்குதிரை இத்தனை.

ஒரு பக்கத்தில் மூன்று ‘தெளிவில்லை’ வரை அனுமதி.
நான்காவதுக்கு ஒரு ரூபாய் பிடிப்பார்கள்.
இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே மூன்று.

தட்டினேன்:
தெளிவில்லை.

மேம்பாலத்தில் நெரிசல்.
நின்ற பேருந்திலிருந்து ஒரு குழந்தை
கையசைக்கிறது, எனக்கா என்று தெரியவில்லை.
அடுத்த கோப்பு திறக்கிறது,
கவர்னர் மாளிகை மளிகைக் கணக்கு.
மெழுகுவர்த்தி நான்கு பவுண்டு.
காப்பிக்கொட்டை. உப்பு. விளக்குத்திரி.
எல்லாம் தெளிவு.