இரண்டு நாள் ஆட்கள்

எப்போதும் இரண்டு நாள் முன்னதாக வந்துவிடுகிறார்கள்.
விமானம் தாமதமாகலாம், ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யலாம்,
கப்பல் யாருக்காகவும் நிற்காது.
அந்தப் பயத்துக்குத்தான் நான் வாடகை வாங்குகிறேன்.
ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரி காயப்போட்ட
தலையணை உறை கைக்கு எட்டும்.
கழுத்தை நன்றாக வெளியே நீட்டினால் ஒரு சாண் கடல்.
கடல் தெரியும் அறை என்றே விளம்பரம் போட்டிருக்கிறேன்.
பொய்யில்லை.
கழுத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அக்டோபரில் வந்தவர்கள் நார்வேக்காரர்கள்,
ஹால்வார், தூர்டிஸ்.
வெறுங்கையோடு படியேறி வந்தார்கள்.
"பெட்டி?" என்றேன்.
"ஃபிராங்க்ஃபர்ட்" என்றார் அவர்,
சொல்லாமல் வீட்டைவிட்டுப் போன பிள்ளையைச் சொல்வதுபோல.

ஒரே பெட்டி, இருவருக்கும்.
கப்பல் விருந்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டு,
அவளுடைய பச்சைப் பட்டு கவுன்,
நீச்சலுடை, மாத்திரைகள், ஒரு சீட்டுக்கட்டு
(அவள் விரல்விட்டு எண்ணிக் காட்டினாள்,
சீட்டுக்கட்டில் குரல் உடைந்தது).
தொலைபேசியில் ஒரு பெண் நாளை என்றாள்.
மறுநாளும் நாளை என்றாள்.

மழை பிடித்துக்கொண்டது.
அவர் மெல்லிய சட்டையில் நடுங்குவதைப் பார்த்து
தம்பி எத்தோரேயின் கோட்டை எடுத்துக் கொடுத்தேன்.
அவன் துறைமுகத்தில் இழுவைப் படகுக்காரன்.
டீசல் வாடை, தூண்டில் நரம்பால் தைத்த இடது பை.
அவளுக்கு என் சிவப்புக் கம்பளிச் சட்டை.
ஜெனோவாக்காரர்கள் உப்பையும் எண்ணிக் கொடுப்பார்கள் என்று
மிலானில் சிரிப்பார்கள்.
எண்ணுவோம்தான். கொடுக்காமலில்லை.

அந்தக் கோட்டை இந்தச் சந்துகளுக்குத் தெரியும்.
மீன்கடை கீகோ குனிந்தபடியே
"இன்றைக்கு எத்தனை கப்பல்?" என்று கேட்டானாம்.
ஹால்வார் மூன்று விரலைக் காட்ட,
நெத்திலி பாதி விலைக்குக் கிடைத்தது.
பொரித்துத் தரச்சொல்லி என்னிடம் நீட்டினார்.
திருடிய மாங்காயைக் காட்டும் பையனின் முகம் அவருக்கு.

கலங்கரை விளக்கத்துக்குப் போகவில்லை, அரண்மனைகளுக்கும்.
வளைவுகளுக்கடியில் அடுப்பிலிருந்து இறங்கும் கடலைமாவு அடையை
நின்றபடி, நாக்கைச் சுட்டுக்கொண்டு தின்றார்கள்.
மழை விடும்வரை மலையேறும் கம்பிரயிலில்
மேலும் கீழுமாக மூன்று முறை போனார்கள்.
இரவில் சண்டை.
எனக்கு அவர்கள் மொழி தெரியாது, தேவைப்படவும் இல்லை:
வைக்க ஒன்றுமில்லாத அலமாரியை
திறந்து மூடி, திறந்து மூடி.

ஞாயிறு காலை கப்பல் வந்து நின்றது.
எங்கள் தெருவைவிட அதற்கு சன்னல்கள் அதிகம்.
காகிதப் பையில் இரண்டு பல்துலக்கி, நான்கு துண்டு அடை.
அவர் கோட்டைக் கழற்றப் போனார்.
"எட்டாம் நாள் இதே துறைக்குத்தானே வருகிறீர்கள்,
அப்போது கொடுங்கள்" என்றேன்.
சொன்னது என் வாய்தானா என்று இன்னும் சந்தேகம்.

நாலரை மணிக்குப் பெட்டி வந்தது.
ஒரு பையன் ஐந்து மாடியும் அதைச் சுமந்து, வியர்த்து,
கையெழுத்து கேட்டான்.
ஓடலாம் என்று செருப்பைப் போடும்போதே
சங்கு ஊதிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் எத்தோரே அழைத்தான், பின்னால் எந்திர இரைச்சல்.
"ப்ருனா, ஏழாம் தளத்தில் என் கோட்டு நிற்கிறது."
"ஆமாம்."
"கை வேறு ஆட்டுகிறது."
"நீ என்ன செய்தாய்?"
"நானும் ஆட்டினேன். பிறகு என்ன,
இழுத்துக்கொண்டுபோய் வெளியே விட்டுவந்தேன்."

பெட்டி என் நடையில் நிற்கிறது, திறக்கவில்லை.
பழைய வீடு, தரை கடல்பக்கம் சரிவு.
காலையில் எழுந்து பார்த்தால்
ஒரு சாண் கதவை நோக்கி நகர்ந்திருக்கிறது.
திரும்ப இழுத்து வைக்கிறேன்.
இன்று புதன்.
சக்கரத்தடியில் என் பழைய செருப்பு ஒன்றை
அண்டை கொடுத்திருக்கிறேன்.