நாலாவது பழுப்பு

ஆடிக் காத்து அவினாசி ரோட்டில்
நூல்தூசியைச் சுழற்றிக்கொண்டிருந்த செவ்வாய்க்கிழமை
நார்வேயிலிருந்து இங்வில்ட் எழுதினாள்:
பழுப்பு சரியில்லை. மூன்றாம் முறை.
கருகியதுபோல் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் போட்டுத் தூங்கும் இரவுடை.
பதினெட்டாயிரம் செட்.
நெஞ்சில் ஓர் ஆள், ஒரு பன்றி, ஓர் இதயம்,
வெள்ளைக் கோட்டில் பொத்தான்.
நாலு வருசமாக அச்சடிக்கிறோம்.
கரடிக்குட்டி என்றிருந்தார் பிரிண்டிங் கோதண்டபாணி.
நான் மண்பொம்மை என்று.

பிஸ்கட், என்று எழுதினாள்.
கீழே அவள் வீட்டுச் செய்முறை,
டெசிலிட்டரில்.

ஒரு டெசிலிட்டர் என்பது
அரை ஆழாக்கும் ஒரு கைநடுக்கமும்.
சிரப்புக்குக் கவுந்தப்பாடிச் சர்க்கரையைப் பாகு காய்ச்சினேன்.
வெண்ணெய்க்கு அலையவேண்டியதில்லை,
ஊத்துக்குளி அரைமணி பஸ்.
சுக்கு, பட்டை, கிராம்பு இடிக்க
மாடிப்படியிலிருந்து சரோஜினி கேட்டாள்:
"ஏனுங், வீட்டுல யாருக்குங் சளி?"

அந்த பிஸ்கட்டுக்குப் பெயரிலேயே மிளகு.
போடச் சொன்னதோ கால் ஸ்பூன்.
"இத்தனூண்டுக்கா மொளகுன்னு பேரு வெச்சாங்க?"
என் வீட்டுக்காரர் பொங்கியண்ணன், கட்டிங் மாஸ்டர்,
கேட்காமலே இன்னொரு ஸ்பூன் தூவினார்.

மாவு ஒரு ராத்திரி குளிரவேண்டும்.
கொத்தமல்லித் தழைக்கும் தோசைமாவுக்கும் நடுவில்
வடதுருவத்து இரவு ஒன்றை
ஒதுக்கிக் கொடுத்தது ஃபிரிட்ஜ்.

காலையில் தேய்த்துப் பரப்பியதும்
அவர் கை சும்மா இருக்கவில்லை.
பேட்டர்ன் அட்டையில் பன்றி வெட்டினார்.
பன்றியின் வயிற்று வளைவில் இதயத்தின் முனை,
ஓர் ஆளின் கால்களுக்கிடையே
தலைகீழாய் இன்னோர் ஆளின் தலை.
"வேஸ்ட்டு நாலு பர்சன்டுகூட வல்ல, அம்மிணி."

மிச்சத்தை மறுபடி உருட்டித் தேய்க்கலாம் என்றேன்.
கத்தியோடு அப்படியே நின்றார்.
இருபத்திரண்டு வருசமாக அவருக்குத்
துண்டு விழுந்தால் துண்டுதான்.
உருட்டினார். தேய்த்தார். வெட்டினார்.
கடைசி விரல்கடை மாவிலும்
ஒரு பன்றிக்குட்டி எடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

முதல் தட்டு உள்ளே போனதும் டையிங்கிலிருந்து போன்.
பேசி முடித்தபோது பன்னிரண்டு நிமிஷம்.
திறந்தால்
எங்கள் மூன்றாவது சாம்பிள்,
அச்சு அசல், தட்டு நிறைய.
கருகியதுபோல் என்று அவள் எழுதியது
வசவில்லை. தகவல்.

இரண்டாவது தட்டு எட்டு நிமிஷம்.
ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்பு ஓடி நிற்க
நடுவில், சர்க்கரை மூட்டையைப் பிரித்ததும்
மேல்வாயில் தெரியுமே, அந்த நிறம்.

டிபன் பாக்ஸில் நாலு கொண்டுபோனேன்.
ஷேடு பார்க்கும் லைட்டுக்கடியில் ஒன்றை வைத்து
பக்கத்தில் துணியை வைத்து
கோதண்டபாணி நெடுநேரம் பேசவில்லை.
பிறகு கறுப்பைப் பாதியாக்கினார்,
மஞ்சளை ஒரு சொட்டு ஏற்றினார்.
நாலாவது பழுப்பு அன்று சாயங்காலமே கூரியரில் போனது.

சரி என்று ஒரு வார்த்தையில் பதில் வந்த அன்று
ஃபைலை எடுத்தேன்.
ஒப்பு மாதிரி இருக்கவேண்டிய கட்டத்தில்
வெண்ணெய்க் கறை.
"எங்கீங்ணா?" என்றேன்.
கோதண்டபாணி மீசையைத் துடைத்தார்.

"மொளகு கொஞ்சம் தூக்கலுங்."