பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே

மாதையன், நாற்பத்தாறு,
பாலக்கோட்டுப் பக்கம்.
புளிய மரத்திலிருந்து விழுந்தார் என்கிறது சீட்டு.
எவ்வளவு உயரம் என்றால்
"ரெண்டாம் கவை" என்கிறார்.
என் படிவத்தில் கவைக்குக் கட்டம் இல்லை.
பத்தடி என்று எழுதிக்கொள்கிறேன்.

தர்மபுரி, இரவு பதினொன்றே முக்கால்.
ஏசி ஓடுகிறது, இயந்திரத்துக்காக.
மூச்சை இழுத்துப் பிடிங்க.
அசையாதீங்க.
விடுங்க.
படம் எடுப்பது அவ்வளவுதான்.
என் வேலை இனிமேல்.

திரையில் வந்தது முதுகு இல்லை,
சுண்ணாம்படித்த சுவர்.
சேர்ந்த புதிதில் இப்படி வந்தால்
கருவியைத் திட்டுவேன்,
கிலோவோல்ட்டைக் கூட்டி மறுபடி எடுப்பேன்.
கருவிமேல் தப்பில்லை.
எழுநூறு அடியில் துளைபோட்டு எடுத்த தண்ணீரை
முப்பது வருசம் குடித்தால்
பல் பழுக்கும், எலும்பு வெளுக்கும்,
கதிரே உள்ளே போகத் தயங்கும் அளவுக்கு.
இப்போது குழாயில் காவிரி வருகிறது.
வந்த காவிரி
பழைய எலும்பைக் கழுவுவதில்லை.

மவுஸைப் பிடித்து இழுக்கிறேன்.
ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்.
எண்கள் எல்லாம் ஒரே கோடியில் நெருக்கியடித்து நிற்கின்றன,
பென்னாகரம் கடைசி பஸ்ஸில்
பின்படிக்கட்டில் தொங்குகிறவர்கள் மாதிரி,
நடுவில் இடம் காலியாகக் கிடக்க.
உள்ள போங்க, உள்ள போங்க என்று
கண்டக்டர் போலத் தள்ளுகிறேன்.
முனகிக்கொண்டே நகர்கின்றன.
வெள்ளையிலிருந்து ஒரு சாம்பல் பிரிகிறது,
சாம்பலிலிருந்து இன்னொரு சாம்பல்.

கடைசி விலா தெரிகிறது.
அதைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறேன்:
மார்பில் பன்னிரண்டு, இடுப்பில் ஒன்று.
நடுவே தசைநார் கல்லாகிப்
பாலம் போட்டிருக்கிறது.

உப்பும் மிளகுமாய்த் தெறித்திருந்த புள்ளிகளை
ஒரு வடிகட்டியில் அடக்கினேன்.
விளிம்பைக் கூர்தீட்டினேன்.
வந்தது.
ஒன்றாம் எலும்பின் முன்னோரத்தில்
மயிரிழைக் கருப்பு.

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

கூர்தீட்டும் கணக்கு
இருக்கிற கோட்டைக் காட்டும்.
இன்னும் தீட்டினால்
இல்லாத கோட்டையும் போட்டுத் தரும்,
கேட்டதைத் தட்டாத பிள்ளை.
குறைத்தேன், மங்கியது.
பூஜ்யத்துக்கு வந்தேன், இல்லை.
இல்லையா,
வெள்ளைக்குள் முங்கிக் கிடக்கிறதா?
முகத்தை ஒட்டிப் பார்த்தால்
திரையில் என் மூச்சுதான் படிகிறது.

கதவிடுக்கில் அவர் மனைவி தீர்த்தம்மாள்.
"வெள்ளை வெளேர்னு இருக்குதே,
அப்ப எலும்பு கெட்டிதானுங்களே?"
கெட்டிதான்.
பீங்கான் கிண்ணமும் கெட்டிதான்.
அதைச் சொல்லவில்லை.
டாக்டர் பார்ப்பாரும்மா என்றேன்.

பக்கவாட்டில் ஒரு படம் வேண்டும்.
முறிந்திருந்தால் புரட்டக் கூடாது.
முறிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் படமே.
அவரை அசைக்காமல்
குழாயை இறக்கிக் கிடையாக நிறுத்தினேன்,
வாயைக் குறுக்கி, தேவையான இடத்துக்கு மட்டும்.
அவர் உடம்பில் இன்னொரு துளி கதிர்.
அதையும் பதிவில் எழுதினேன்.

இந்த முறை எதையும் தீட்டவில்லை.
வெளிச்சத்தை மட்டும்
கொஞ்சம் கொஞ்சமாய் நிழல் பக்கம் தள்ளினேன்.
ஒன்றாம் எலும்பு முன்பக்கம்
இரண்டு மில்லிமீட்டர் குள்ளம்.
ஒன்றரையாகவும் இருக்கலாம்.
கோடு இல்லை.
குனிந்து எதையோ பொறுக்கப் போவதுபோல்
ஒரு சாய்வு.

குறிப்பு:
மூலப்படமும் திருத்திய படமும் சேர்த்து அனுப்புகிறேன்.
திருத்தியதில் உள்ள கோடு
திருத்தியதால் வந்ததாகவும் இருக்கலாம்.
சி.டி. எடுத்துப் பார்க்கலாமா?
கேள்விக்குறியை அழித்தேன்.
மறுபடி போட்டேன்.

பலகையோடு நாலு பேர் தூக்கும்போது
மாதையன் தலையை ஆட்டாமல்
கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார்.
"பாதி மரந்தான் உலுக்கினேன்.
மீதியை வேற ஆள் உலுக்கினா
எனக்குப் பாதிக் கூலியாச்சும் குடுப்பானுங்களா?"

கோப்பு போய்க்கொண்டிருந்தது.
அறுபத்திரண்டு சதவீதம்.